இதய, குருதிக்கலன் விருத்தியில் இலிப்பிட்டுச் சமிக்ஞை

முளையத்தின் இதயமும் குருதிக்கலன்களும் உருவாகும்போது, சில கொழுப்பு மூலக்கூறுகள் கலங்களுக்கிடையே தகவல் காவுகின்றன. இதுவே இலிப்பிட்டுச் சமிக்ஞை. கிளினிக்கில் கொலஸ்திரோல் பேச்சு நடுவயதில்தான் தொடங்குகிறது. இந்த வேலையோ கருவின் முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

அவற்றுள் ஒன்று ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற்று. வரிக்குதிரை மீனின் முளையத்தில் இதயத்துக்கான கலங்கள் இரு பக்கமும் தோன்றி, நடுவுக்கு நகர்ந்து ஒரே குழாயாகும். இந்தச் சமிக்ஞையை ஏற்கும் வாங்கி பழுதானால் அவை நடுவே சேர்வதில்லை. ஒரே உடலில் இரண்டு இதயங்கள் உருவாகிவிடும். இது 2000இல் வெளியானது. அதே ஆண்டில், இதே சமிக்ஞைக்கான இன்னொரு வாங்கியை இழந்த எலி முளையங்களும் ஆராயப்பட்டன. அவற்றில் கலன்கள் தோன்றின. ஆனால் மழமழப்பான தசைக் கலங்கள் அக்கலன்களைச் சரிவரப் போர்த்தவில்லை. குருதி கசிந்து அந்த முளையங்கள் பிறக்குமுன்பே இறந்தன.

விற்றமின் ஏயிலிருந்து உருவாகும் ரெற்றினோயிக் அமிலம் குறைந்தாலும் கூடினாலும் இதயம் பிழையாக உருவாகும். முகப்பருவுக்கான, இதே குடும்பத்து ஐசோட்ரெற்றினோயின் குளிசை கர்ப்பகாலத்தில் விலக்கப்படுவது இதனாலும்தான்.

பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பெற்றோர் ‘இதயத்தில் ஓட்டை’ என்று தூக்கிவரும் குழந்தைகள் எல்லோருக்கும் ஓட்டை இருப்பதில்லை. சிலருக்கு, மூடவேண்டிய நாடிக்கான் மூடாமல் இருக்கும். நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் இந்தக் கானைக் கருவில் திறந்து வைத்திருப்பது முக்கியமாகப் புரொஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற இன்னொரு இலிப்பிட்டுச் சமிக்ஞை. பிறந்ததும் சூல்வித்தகம் விலகுகிறது; நுரையீரல் புரொஸ்டாகிளாண்டினைச் சிதைக்கிறது; ஒட்சிசன் உயர்கிறது. நிறைமாதக் குழந்தையில் இரண்டு மூன்று நாளில் கான் சுருங்கிவிடும்.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் புரொஸ்டாகிளாண்டினின் ஈபி4 வாங்கி இல்லாத எலிக்குட்டிகளில் கான் பெரும்பாலும் மூடுவதில்லை. திறந்து வைத்திருக்கும் அதே சமிக்ஞைதான், கருவின் பிற்பகுதியில் கானின் உட்சுவரைத் தடிக்கச்செய்து மூடலுக்கும் ஆயத்தப்படுத்துகிறது.

குறைமாதக் குழந்தைகளில் கானை மூட, புரொஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் இன்டோமெதசின், இபுபுரொபன் பயன்படும். 1976இல் இன்டோமெதசின் முடிவுகள் வெளியாகின. இதே வகை நோவுக் குளிசைகளைத் தாய் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால், கருவின் கான் நேரத்துக்கு முன்பே சுருங்கக்கூடும். காலி வீதிப் பாமசியில் இடுப்பு நோவுக்கு மருந்து கேட்கும் கர்ப்பிணி, தன் மாதத்தையும் சொல்லிக் கேட்பது அவசியம். நுரையீரலுக்கோ உடலுக்கோ குருதி போகும் பாதை பிறவியிலேயே அடைபட்ட குழந்தைக்குத் தேவை நேர்மாறு: சத்திரசிகிச்சை வரை புரொஸ்டாகிளாண்டின் ஈ1 நாளம் வழியே ஏற்றிக் கானைத் திறந்து வைப்பார்கள். அம்மருந்து மூச்சை நிறுத்தக்கூடியது என்பதால் குழந்தையை இடைவிடாது கண்காணிக்க வேண்டும்.