யாழ்ப்பாண நகரின் பொதுப் பொழுதுபோக்கு இடங்கள்

யாழ்ப்பாண நகரின் பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் என்பன மாநகர சபை, மத்திய, மாகாண அரசுகள், ஊர்க் கழகங்கள் ஆகியவற்றின் பொறுப்பிலுள்ள பூங்காக்கள், மைதானங்கள், குளக்கரைகள், கடற்கரைகள், மண்டபங்கள் ஆகியவை. பெயர்பெற்ற இடங்களில் பெரும்பாலானவை கோட்டைக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் இடைப்பட்ட சிறு பரப்பில் திரண்டிருக்கின்றன. மற்ற வட்டாரங்களில் பொழுதுபோக்குத் தேவையை நெடுங்காலமாக ஊர்களே பார்த்து வந்திருக்கின்றன.

பூங்கா என்ற ஏற்பாடு வருமுன்பே குடாநாட்டில் மாலைப்பொழுதுக்கு இடமிருந்தது. கோயில் வெளிவீதியின் மணலில் கிளித்தட்டு விளையாட்டு நடந்தது. குளக்கட்டிலும் கடற்கரையிலும் பெரியவர்கள் கூடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஊருக்கு ஊர் எழுந்தன. காலையில் நாளிதழ், மாலையில் கரப்பந்தாட்டம், ஆண்டுக்கொரு விளையாட்டு விழா என்பது அவற்றின் வழக்கம். நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன் போன்ற உதைபந்தாட்டக் கழகங்கள் கரையோர ஊர்களில் வேரூன்றி வளர்ந்தவை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவுக்குக் கடற்கரையும் காற்றுமே போதும். நகரத் திட்டங்களைத் தீட்டுவோர் இந்த ஏற்பாட்டைக் கணக்கில் எடுப்பது குறைவு. ஆனால் அன்றாடச் சுமையைத் தாங்குவது இதுதான்.

அரசு சார்ந்த பூங்காக்களில் பழையது கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அருகிலுள்ள பழைய பூங்கா. 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் தமது வாசத்தலத்தைச் சூழ அமைத்த தோப்பு அது. நகரின் வெயிலுக்கு அந்தப் பெருமரங்களின் நிழல் பெரும் பேறு. 2025இல் இதனுள் உள்ளக விளையாட்டரங்கு கட்டும் திட்டம் எழுந்தபோது, மரங்களைக் காக்க வேண்டுமென்ற எதிர்ப்பு கிளம்பி விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அரங்கு தேவை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நிழல் தரும் ஒரே பெரிய பூங்காவுக்குள்தான் அதைக் கட்ட வேண்டுமா என்பதே கேள்வி.

முற்றவெளி கோட்டைக்கு முன்னே திறந்து கிடக்கும் நிலம். அதைச் சுற்றியே பொது நூலகம், மத்திய கல்லூரி மைதானம், சுப்பிரமணியம் சிறுவர் பூங்கா, வீரசிங்கம் மண்டபம், துரையப்பா விளையாட்டரங்கு என அனைத்தும் அமைந்தன. மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ துடுப்பாட்டம் 1904இல் தொடங்கியது. இன்றும் ஊர் திரளும் நாள் அது. 1974 ஜனவரி 10இல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தோரின் நினைவுத் தூண்களும் இவ்வெளியில்தான் நிற்கின்றன. இங்கே எந்தத் திட்டம் வந்தாலும் அது வெறும் பொழுதுபோக்குத் திட்டமாக இருக்க முடிவதில்லை.

இன வன்முறையும் போரும் இந்தப் பகுதியைச் சிதைத்தன. 1981 ஜூன் தொடக்கத்தில் நூலகம் எரிக்கப்பட்டது. 1990இல் கோட்டை முற்றுகையோடு சுற்றுப்புறம் போர்க்களமானது. முன்னாள் மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய அரங்கில், 1999இல் புனரமைப்பு வேலையின்போது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய உதவியுடன் திருத்தப்பட்ட பின், 2016 ஜூன் 18இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. நூலகத்துக்கு அருகே, புல்லுக்குளத்தையொட்டி, இந்திய நன்கொடையில் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் எழுந்து 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. இதே காலத்தில் உலக வங்கிக் கடனில் இயங்கிய மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டம் யாழ்ப்பாணத்தின் வீதிகளையும் வடிகால்களையும் திருத்தியது.

குளங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஆறில்லாத சுண்ணாம்புக் கல் நிலத்தில் மாரி மழையை நிலத்தடிக்கு இறக்குபவை இவையே. தூர்ந்தோ நிரப்பப்பட்டோ போன ஒவ்வொரு குளமும் அயற்கிணறுகளில் உணரப்படும். ஆரியகுளம் தனியார் கொடையாளர் ஒருவரின் நிதியில் தூர்வாரப்பட்டு, 2021 டிசம்பரில் ‘ஆரியகுளம் மகிழ்வூட்டும் திடல்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. நடைபாதையும் விளக்குகளும் வந்ததும் மாலையில் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அங்கே மத அடையாளம் எதுவும் இருக்கலாமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. எனினும் ஒரே செலவில் நீரும் நடக்க இடமும் கிடைத்த இந்த வேலை, அண்மைக் காலத்தில் நகரில் நடந்தவற்றுள் பின்பற்றத் தக்கது.

சட்டத்தின்படி பூங்காக்களும் பொது மைதானங்களும் உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் உள்ளன. மாநகர சபை 1949இல் உருவானது. ஆனால் 1983க்கும் 1998க்கும் இடையில் தேர்தலே நடக்கவில்லை. 1998இல் தெரிவான மேயர் சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அதே ஆண்டில் கொல்லப்பட்டனர். 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். பூங்கா வேலை ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சி கேட்பது. அந்தத் தொடர்ச்சிதான் இங்கு கிடைக்கவில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் அளவுகோல் ஆயிரம் பேருக்கு 1.4 ஹெக்டேயர் திறந்த பொழுதுபோக்கு வெளி. 2012 கணக்கெடுப்பில் நகரில் ஏறத்தாழ 88,000 பேர். அப்படியானால் 120 ஹெக்டேயருக்கு மேல் வேண்டும். மாநகர எல்லையே 20 சதுர கிலோமீற்றர் அளவுதான், அதிலும் காணிகள் தலைமுறை தலைமுறையாகச் சீதனமாகப் பிரிந்து சிறுத்தவை. புதிதாக இடம் வாங்கி இந்த அளவை எட்டுவது நடவாத காரியம். கோயில் வீதி, பாடசாலை மைதானம், குளக்கரை, பண்ணைக் கடலோரம் ஆகியவற்றை மாலை நேரத்தில் எல்லோருக்கும் திறந்துவிடும் உடன்பாடுகளே நடைமுறைக்கு ஏற்ற வழி.

கூட்டத்தைக் கையாளும் திறமை மாநகர சபைக்கு இல்லாமலில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில் வீதிகளை மறித்து, கடைகளுக்கு இடம் வகுத்து, குப்பை அகற்றி, ஆண்டுதோறும் அதை நடத்திக்காட்டுகிறது. இதற்கு மாறாக 2024 பெப்ரவரி 9இல் முற்றவெளியில் நடந்த பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் தடுப்புகள் உடைந்து குழப்பம் விளைந்தது.

பெரிய முயற்சிகள் நிற்கவில்லை. பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரில் வல்வெட்டித்துறையில் நீச்சல் தடாகம் உண்டு. மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்குக்கு 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். தாழ்நிலத்தில் கட்டுவது குறித்துச் சூழலியலாளர் கேள்வி எழுப்பியிருக்கின்றனர். அரங்கு வரட்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு நிதி தருவோர் புல் வெட்டவும், கழிப்பறை கழுவவும், உடைந்த ஊஞ்சலை மாற்றவும் தருவதில்லை. மலசலகூடமும் வெளிச்சமும் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் வருவதில்லை. பெண்கள் வராத இடத்துக்குப் பிள்ளைகளும் வருவதில்லை. இந்தச் சிறு செலவுகளுக்கு ஆண்டுப் பாதீட்டில் தனி ஒதுக்கீடு வைக்காமல் தொடங்கப்படும் எந்தப் பூங்காவையும் மாநகர சபை ஏற்காதிருப்பதே நல்லது.