பெயர் வராத தயாரிப்பாளர்: லிண்டா பெர்ரியின் கதை

எங்கள் விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். கிட்டார் கற்றுக்கொண்டிருந்தவர். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பாட்டைத்தான் வாசிப்பார். மூன்றே மூன்று கார்டுகள், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அதே வரிசை. பொறுக்க முடியாமல் ஒருநாள் "அது என்ன பாட்டு அண்ணா?" என்று கேட்டேன். "வாட்ஸ் அப்" என்றார். நான் செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

செயலி வந்தது 2009-ல். பாட்டு அதற்குப் பல வருடங்கள் மூத்தது. 4 நான் பிளாண்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1992-ல் வெளியிட்ட ஆல்பத்தில் இருப்பது. வேடிக்கை என்னவென்றால், பாட்டின் தலைப்பாக இருக்கும் அந்த இரண்டு சொற்கள் பாட்டுக்குள் எங்குமே வருவதில்லை. பல்லவியில் வரும் சொற்களைத் தலைப்பாக வைத்தால் மார்வின் கே 1971-ல் பாடிய புகழ்பெற்ற பாட்டோடு குழம்பிவிடும் என்று இப்படி வைத்தார்கள்.

அதைப் பாடியவர், எழுதியவர் இருவரும் ஒருவரே. பெயர் லிண்டா பெர்ரி. அந்த ஒரு பாட்டோடு காணாமல் போன பாடகி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேடிப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, பள்ளி நாட்களில் நான் கேட்டு வளர்ந்த ஆங்கிலப் பாட்டுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர் இவர்தான் என்று. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நமக்குத் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். மேற்கத்திய இசை உலகில் தயாரிப்பாளர் வேறு ஆள். ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் இப்படி ஒலிக்க வேண்டும், கிட்டார் இங்கே வேண்டாம், பாடகர் பாடிய பத்துத் தடவைகளில் மூன்றாவதுதான் சரி என்று முடிவு செய்கிறவர் அவர். பாட்டு கடைசியில் நம் காதில் எப்படி விழுகிறது என்பது அவர் கையில் இருக்கிறது. நம் ஊரில் இந்த வேலையின் பெரும்பகுதியை இசையமைப்பாளரே செய்துவிடுவதால் நமக்கு அப்படி ஒரு தனி ஆள் கண்ணில் படுவதில்லை. அங்கே ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் தனியாக வரும். பெயர் வந்தால்தான் அடுத்த வேலை வரும், ராயல்டியில் பங்கும் வரும்.

லிண்டா பெர்ரி 1965-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா போர்ச்சுகீசிய வம்சம், அம்மா பிரேசில்காரர். வளர்ந்தது கலிபோர்னியாவின் சான் டியாகோவில். இருபது வயதைத் தாண்டியதும் ஒரு கிட்டாரோடு சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். உணவகத்தில் பரிமாறும் வேலை, மற்ற நேரத்தில் பாட்டு. அங்கேதான் 4 நான் பிளாண்ட்ஸ் குழுவில் பாடகியாகச் சேர்ந்தார். பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ்டா ஹில்ஹவுஸ் தொடங்கிய, பெண்கள் மட்டுமே இருந்த குழு அது. இவரோடு முதல் ஒத்திகைக்குக் குறித்த நாள் 1989 அக்டோபர் 17 மாலை. அன்று மாலை 5 மணி 4 நிமிடத்துக்குத்தான் சான் பிரான்சிஸ்கோ பகுதியை உலுக்கிய லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்தது. ஒத்திகை நடக்கவில்லை. சகுனம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே குழுவைக் கலைத்திருப்பார்கள்!

1991-ல் இன்டர்ஸ்கோப் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக வந்தவர் டேவிட் டிக்கிள். இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. "வாட்ஸ் அப்" பாட்டை டிக்கிள் பதிவு செய்த விதம் பெர்ரிக்குப் பிடிக்கவே இல்லை. தான் முதலில் பதிவு செய்து வைத்திருந்த எளிமையான டெமோவில் இருந்த உயிர் இதில் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆல்பம் முடியப்போகிற கடைசி நேரத்தில், குழுவை அழைத்துக்கொண்டு இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போய், அந்த ஒரு பாட்டை மட்டும் தானே முன்னின்று மறுபடி பதிவு செய்து கொடுத்தார். இன்று உலகம் கேட்பது அந்தப் பதிவைத்தான். இதைப் பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் வரவில்லை.

1993-ல் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 14-ஆம் இடம், இங்கிலாந்தில் 2-ஆம் இடம், ஜெர்மனி உள்பட ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் இடம் என்று ஓடியது. பாடகி, பாட்டை எழுதியவர் என்ற பெயர் கிடைத்தது. அதைச் செய்து முடித்தவர் என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

(எனக்கு அந்த ஆல்பம் முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மற்ற பாட்டுகளில் சத்தம் அதிகம், விஷயம் குறைவு. பெர்ரிக்கும் கிட்டத்தட்ட இதே அபிப்பிராயம்தான் என்று அவர் பேட்டிகளைப் படித்தபோது தெரிந்து கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.)

இரண்டாவது ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1994-ல் பெர்ரி குழுவை விட்டு விலகிவிட்டார். உலகமெல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது இறங்கிப் போவார்களா? இவர் போனார். 1996-ல் "இன் ஃபிளைட்" என்ற தனி ஆல்பம் வந்தது. விற்கவில்லை. ஆனால் இதைத் தயாரித்தவர் பில் பாட்ரெல், மைக்கேல் ஜாக்சனோடும் ஷெரில் குரோவோடும் வேலை செய்தவர். ஒலிப்பதிவு என்றால் என்ன என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றேன் என்று பெர்ரி நன்றியோடு சொல்வார். விற்பனைக் கணக்கில் தோல்வி, படிப்பு என்ற கணக்கில் பார்த்தால் அதுதான் அவருடைய கல்லூரி. 1999-ல் இன்னொரு ஆல்பத்தைப் பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் வெளியிட்டார். அதுவும் பெரிதாகப் போகவில்லை. அப்போது அவருக்கு வயது 34.

பிறகு நடந்தது ஒரு விளையாட்டு. கணினியிலும் மெஷினிலும் டிரம்ஸ் அமைப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காகக் கருவிகளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருந்தார். தாளத்தை அமைத்து, பேஸ் வாசித்து, கிட்டார் வாசித்து, அதன் மேல் நடனப் பாட்டுகளில் அடிக்கடி வரும் தேய்ந்துபோன சொற்களையெல்லாம் சேர்த்து ஒரு பாட்டு கட்டினார். முடித்துவிட்டு அவரே சிரித்தாராம். ராக் பாடகிக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மடோனாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிங்க் என்ற இளம் பாடகியின் தொலைபேசி அழைப்பு வந்தது. 2000-ல் ஆர் அண்ட் பி பாணியில் வந்த பிங்க்கின் முதல் ஆல்பம் நன்றாகவே விற்றிருந்தது. நிறுவனம் அதே மாதிரி இன்னொன்று கேட்டது. பிங்க்குக்கோ அதில் விருப்பம் இல்லை. சிறுவயதிலிருந்து பெர்ரியின் ரசிகை அவர். எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்து நீளமாகச் செய்தி விட்டிருந்தார். இந்தப் பெண் வேறு யாரையோ கூப்பிட நினைத்து எண்ணை மாற்றிப் போட்டுவிட்டாள் என்றே பெர்ரி முதலில் நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மார்க்கெட் போய்விட்ட பாடகியை எந்த நட்சத்திரம் தேடி வரும்?

இருவரும் பெர்ரியின் வீட்டில் உட்கார்ந்து பாட்டுகள் எழுதினார்கள். மடோனா வேண்டாம் என்ற பாட்டு "கெட் தி பார்ட்டி ஸ்டார்டட்" என்ற பெயரில் பிங்க் குரலில் வந்து அமெரிக்காவில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது. 2001 நவம்பரில் வந்த "மிசண்டஸ்டுட்" ஆல்பத்தின் பாதிக்கு மேல் பெர்ரியின் கை இருந்தது. நிறுவனத் தலைவர் எல்.ஏ. ரீடுக்கு இந்தத் திசைமாற்றத்தில் முதலில் தயக்கம்தான். அமெரிக்காவில் மட்டும் ஐந்து பிளாட்டினம், அதாவது 50 லட்சம் பிரதிகள் என்று சான்றிதழ் வந்தபோது தயக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. இந்த முறை உறையில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் லிண்டா பெர்ரி என்று அச்சாகியிருந்தது.

அடுத்து வந்த பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்டினா அகுலேராவின் "பியூட்டிஃபுல்". பெர்ரி இதைத் தனக்காக எழுதி வைத்திருந்தார். பிங்க்கும் கேட்டார். அகுலேரா வீட்டுக்கு வந்தபோது, அறிமுகக் கூச்சம் போக ஏதாவது ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க, பெர்ரி இதை வாசித்தார். நான் பாடிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார்.

அகுலேராவின் குரல் வளம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லைப் பிடித்தால் பத்துச் சுரம் சுற்றிவிட்டுத்தான் விடுவார். ஆனால் அன்று டெமோவுக்காகப் பாடும்போது அவருக்குக் கூச்சம். அறையில் இருந்த தோழியிடம் என்னைப் பார்க்காதே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். சங்கதிகள் இல்லை, அலங்காரம் இல்லை. சில இடங்களில் குரல் லேசாகத் தடுமாறுகிறது. அதைக் கேட்டதுமே பெர்ரிக்குத் தெரிந்துவிட்டது. தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளத் தவிக்கும் ஒரு ஆளைப் பற்றிய பாட்டு இது, இதைப் பிழையில்லாமல் பாடினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அகுலேரா விடவில்லை. குறைகள் இருக்கின்றன, மறுபடி பாடுகிறேன் என்றார். பாடினார். பெர்ரி ஒத்துக்கொள்ளவில்லை. நாட்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் இந்த இழுபறி நடந்தது. கடைசியில் டெமோ குரலே ஆல்பத்தில் வந்தது, தொடக்கத்தில் அந்த முணுமுணுப்போடு சேர்த்து! ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், தெளிவாகவே கேட்கும். பாட்டு அமெரிக்காவில் 2-ஆம் இடம், இங்கிலாந்தில் முதல் இடம். 2004 கிராமி விழாவில் சிறந்த பாப் பாடகிக்கான விருது அகுலேராவுக்கு இந்தப் பாட்டுக்காகவே கிடைத்தது.

எனக்கு இதைப் படித்தபோது 1992-தான் ஞாபகம் வந்தது. தன் டெமோவில் இருந்த உயிர் போய்விட்டதே என்று அன்றைக்கு ஒரு பாடகியாகச் சண்டை போட்டவர், பத்து வருடம் கழித்து இன்னொரு பாடகியின் டெமோவுக்காக அந்தப் பாடகியோடே சண்டை போட்டிருக்கிறார். அன்று முடிவு சொல்லும் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். இப்போது அது இவருடையது. பாடகி வேண்டாம் என்று சொன்ன பதிவை வெளியிட்டது சரியா என்று கேட்டால், என்னிடம் சுலபமான பதில் இல்லை. காது மட்டும் பெர்ரி பக்கம் சாய்கிறது.

அதன் பிறகு வேலைகள் வரிசையாக வந்தன. பாட்டு எழுத வராமல் தவித்த க்வென் ஸ்டெஃபானியிடம், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று இவர் கேட்ட கேள்வியே 2004-ல் "வாட் யூ வெயிட்டிங் ஃபார்" என்ற பாட்டாகிவிட்டது. அமெரிக்காவில் நடந்த ஒரு இசை விழாவில் ஜேம்ஸ் பிளண்ட் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி பாடுவதைக் கேட்டுத் தன்னுடைய சிறிய நிறுவனமான கஸ்டர்டில் சேர்த்துக்கொண்டார். பிளண்ட்டின் "யூ ஆர் பியூட்டிஃபுல்" 2006-ல் அமெரிக்காவில் முதல் இடத்துக்குப் போனது. (அதை எழுதியவர் பெர்ரி இல்லை. தலைப்பில் அதே சொல் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அலிஷியா கீஸோடு சேர்ந்து எழுதிய "சூப்பர் வுமன்", டாலி பார்ட்டனோடு சேர்ந்து 2018-ல் செய்த "டம்ப்ளின்" படப் பாட்டுகள் என்று பட்டியல் நீளும். 2015-ல் பாடலாசிரியர்களுக்கான அமெரிக்காவின் புகழ் மன்றத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் தயாரிப்பாளர் என்ற முறையில்? கிராமியில் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் என்று ஒரு விருது உண்டு. அதன் பரிந்துரைப் பட்டியலில் பெர்ரியின் பெயர் முதன்முதலாக வந்தது 2019-ஆம் ஆண்டு விழாவுக்கு. "பியூட்டிஃபுல்" வந்து 16 வருடங்கள் கழித்து. அதற்கு முன் அந்தப் பட்டியலில் ஒரு பெண் இடம்பெற்றது 2004-ல், தி மேட்ரிக்ஸ் என்ற மூவர் அணியில் ஒருவராக இருந்த லாரன் கிறிஸ்டி. நடுவில் 15 வருடங்கள் யாருமே இல்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. புகழ்பெற்ற 300 பாட்டுகளை எடுத்துப் பார்த்ததில் தயாரிப்பாளர்களில் பெண்கள் 2 சதவீதம். நூற்றுக்கு இரண்டு பேர்! 2019-ல் விருது ஃபாரல் வில்லியம்ஸுக்குப் போனது. பெர்ரி கையில் வரவில்லை.

2025 மே மாதம் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் நடந்த இசை விழாவில் 4 நான் பிளாண்ட்ஸ் மறுபடி ஒன்றாக மேடை ஏறியது. பெர்ரிக்கு வயது 60. அதே வருடக் கடைசியில் "வாட்ஸ் அப்" பாட்டை நிக்கி மினாஜின் 2012 பாட்டு ஒன்றோடு யாரோ ஒட்ட, அது குறும் வீடியோக்களில் தீயாகப் பரவியது. ஒரு ஆள் பெர்ரியின் பகுதிக்கு வாயசைப்பார், இன்னொரு ஆள் நிக்கியின் பகுதிக்கு. எங்கள் வகுப்பிலும் நான்கைந்து பேர் எடுத்துப் போட்டார்கள். அவர்கள் வாயசைப்பது, கடைசி நேரத்தில் பெர்ரி முன்னின்று மறுபடி பதிவு செய்த அந்தக் குரலுக்குத்தான். ஆல்பத்தின் உறையில் தயாரிப்பாளர் என்று இருப்பது டேவிட் டிக்கிளின் பெயர்.