முதுகில் ஒரு வாசல்

வாசகரே, தலையைக் குனிந்து மோவாயால் மார்பைத் தொட்டுப் பாருங்கள். எளிதில் தொட முடிகிறதல்லவா? மூளையுறை அழற்சி கண்டவர்களில் பலருக்கு அது இயலாது. கழுத்து மரக்கட்டைபோல் விறைத்துவிடும்.

1805-இல் ஜெனீவா நகரில் இந்நோய் பரவியபோது, காஸ்பார் வியூஸோ என்ற மருத்துவர் அதன் குறிகளை எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. 1887-இல்தான் வியன்னாவில் ஆண்டன் வைக்செல்பாம், இந்நோயால் இறந்தோரின் மூளையுறைச் சீழில் காப்பிக்கொட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தாற்போன்ற பாக்டீரியங்களைக் கண்டார். இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியங்கள் வேறு சிலவும் உண்டு. கொள்ளைநோயாகப் பரவுவது பெரும்பாலும் இதுவே.

நலமாயிருக்கும் பலருடைய தொண்டையிலும் இக்கிருமி தீங்கின்றிக் குடியிருக்கிறது! எப்போதாவது அது இரத்தத்தில் கலந்து, மூளையைச் சூழ்ந்துள்ள நீரை எட்டிவிடுகிறது. இரத்தத்திலுள்ளவை மூளைக்குள் எளிதில் புகாதபடி ஒரு தடுப்பு உண்டு. கோட்டைக்குள் திருடன் நுழைந்துவிட்டால் அதே மதில் அவனுக்கல்லவா அரண்! எதிர்ப்பொருள்கள் குறைந்த அந்நீரில் கிருமி விரைந்து பெருகுகிறது. பின்னர் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. தெளிந்த நீர் கலங்குகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காது. எனவே அழுத்தம் ஏறி, மூளை நசுங்குகிறது. கேடு விளைவிப்பது கிருமி மட்டுமன்று, அதனோடு உடல் நடத்தும் போருந்தான்.

இம்மதிலுக்கு வாசல் கண்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குயின்க்கே. 1891-இல் அவர், தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே, இரு இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி நீரை எடுத்துக் காட்டினார். அழுத்தத்தைத் தணிப்பதே அவர் நோக்கம். ஆனால் நீர் வெளியேறும் வழியில் மருந்து உள்ளே போகக் கூடாதா என்ன?

நியூயார்க்கில் சைமன் பிளெக்ஸ்னர் அதையே செய்தார். குதிரைகளின் உடலில் கிருமிகளைச் செலுத்தி எதிர்ப்பொருளை உண்டாக்கி, அவற்றின் சீரத்தை நோயாளியின் முதுகில் ஊசி வழியே ஏற்றினார். ஜெர்மனியில் கியோர்க் யோக்மானும் அக்காலத்திலேயே இம்முறையைக் கையாண்டார். அதற்கு முன் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மாண்டனர். 1913-இல் பிளெக்ஸ்னர் வெளியிட்ட கணக்கில், சீரம் பெற்ற ஏறத்தாழ 1,300 பேரில் இறந்தோர் 31 விழுக்காட்டினரே.

1930-களில் சல்பா மருந்துகளும், அடுத்த பத்தாண்டில் பெனிசிலினும் வந்தபின் குதிரைச் சீரம் மறைந்தது. அழற்சியால் மதிலே தளர்ந்துவிடுவதால், இரத்தநாளத்தில் செலுத்தும் பெனிசிலின் தானே உள்ளே சென்றுவிடுகிறது. குயின்க்கேயின் ஊசி மட்டும் நோயறியும் கருவியாக நிலைத்துவிட்டது. அதற்கும் தாமதமாகுமானால், மருத்துவர் நீருக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.