கம்பியின்றி வரும் மின்சாரம்

என் தந்தையார் வானொலிப் பெட்டியை ரேடியோ என்று சொல்லமாட்டார். ‘தே எஸ் எஃப்’ என்பார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராயிருந்தவர் அவர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிய பிறகும் அந்தச் சொல் அவர் நாவை விட்டு நீங்கவில்லை. ‘தெலெகிராஃபி சான் ஃபீல்’ என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளே அவை. ‘சான் ஃபீல்’ என்றால் ‘கம்பி இல்லாமல்’ என்று பொருள். நம்மவர் கம்பியில்லாத் தந்தி என்று வழங்கியதும் இதுவே.

அண்மையில் என் அண்டை வீட்டாருக்குப் பாரிஸ் நகரிலிருந்து அவருடைய மகன் ஒரு சிறிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன்மீது அதே ‘சான் ஃபீல்’ அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததோ வானொலியன்று. தோசையை விடச் சிறிய ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் கைபேசியை வைத்தால் போதும், கைபேசியில் கம்பி எதையும் செருகாமலேயே அதன் பேட்டரியில் மின்சாரம் ஏறிவிடுகிறது. செய்தியைக் கம்பியில்லாமல் அனுப்பிய மனிதன், மின்சாரத்தையே கம்பியில்லாமல் அனுப்ப ஏன் இத்துணைக் காலம் காத்திருந்தான்? மாணவ நண்பர்களே, இந்த வினாவுக்கு விடை காணும் கடமை எனக்கு மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1989ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புக்கு மின்மாற்றியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரும்பு உள்ளகம் ஒன்று. அதன் ஒருபுறம் ஒரு கம்பிச்சுருள், மறுபுறம் இன்னொன்று. ஒன்றில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் மற்றதில் மின்சாரம் தூண்டப்படும் என்று கரும்பலகையில் படம் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், அந்த இரும்பை எடுத்துட்டு, ரெண்டு சுருளையும் தள்ளித் தள்ளி வச்சா அப்பவும் கரண்ட் போகுமா?” என்று கேட்டான். “போகாது, உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்தான். மாணவன் வினவினால் செய்துகாட்டு என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். மணியடிக்கப் பத்து நிமிடமே இருந்ததால் நான் செய்துகாட்டவில்லை. அவன் கேட்ட கேள்வியின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் புகுகிறேன்.

அது 1820இல் தொடங்குகிறது. மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி அசைகிறது என்று டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் வெளியிட்டார். செய்தி பாரிஸை எட்டிய சில வாரங்களுக்குள், மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் ஆம்பியர் நிறுவிக் காட்டினார். மின்னோட்டத்தின் அளவைக்கு நாம் சூட்டியிருப்பது அவர் பெயரைத்தான். 1822இல் ஜெனீவா நகரில், ஒரு கம்பிச்சுருளின் அருகே தொங்கவிட்ட செப்பு வளையத்தில் மின்சாரம் தானாகத் தோன்றுவதற்கான அடையாளத்தையும் ஆம்பியர் கண்டார். கண்டும் அதைப் பின்தொடரவில்லை. தம் கொள்கைக்கு அது முக்கியமன்று என்று விட்டுவிட்டார். பெரியோர்க்கும் இது நேர்கிறது.

அவர் விட்டதை லண்டனில் மைக்கேல் பாரடே பிடித்துக்கொண்டார். 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றி, ஒன்றை மின்கலத்தோடும் மற்றதைக் காந்த ஊசியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி துள்ளிற்று. துண்டித்த கணத்தில் எதிர்ப்புறம் துள்ளிற்று. இடையில் அசையாமல் நின்றது. மின்னோட்டம் இருப்பதனால் அன்று, அது மாறுவதனாலேயே மறு சுருளில் மின்சாரம் தோன்றுகிறது என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. இரு சுருள்களுக்குமிடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அண்டை வீட்டு வட்டத் தட்டின் மூதாதை இந்த வளையமே.

அப்படியானால் இரும்பு எதற்கு? சுருளைச் சுற்றி எழும் காந்தப் புலம் எல்லாத் திசைகளிலும் சிதறும். இரும்பு அதைத் தன்னுள் திரட்டி மறு சுருளுக்கு வழிநடத்துகிறது. இரும்பை எடுத்துவிட்டால் புலத்தில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும். சுருள்களை விலக்க விலக்க அதுவும் மெலியும். சுருளின் அகலத்தைக் காட்டிலும் தொலைவு மிகுந்துவிட்டால், தொலைவு இருமடங்காகும்போது புலம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே என் மாணவனுக்குரிய சரியான விடை, ‘போகும்; ஆனால் கொஞ்சமாகப் போகும்’ என்பதே. ‘போகாது’ என்பது பிழை.

‘கொஞ்சம்’ என்பதோடு மனநிறைவு கொள்ளாதவர்கள் இருந்தார்கள். மோரிஸ் யூத்தேன், மோரிஸ் லெப்லான் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் இருவர், ஓடும் இரயில் வண்டிக்குத் தண்டவாளத்தோரச் சுருளிலிருந்து தொடர்பின்றியே மின்சாரம் ஊட்டும் ஏற்பாட்டுக்கு 1894இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். நிக்கோலா டெஸ்லாவின் ஆசையோ எல்லையற்றது. 1891இல் நியூயார்க்கில் அறிஞர் அவை முன் கண்ணாடிக் குழல்களைக் கம்பியின்றி ஒளிரச் செய்தவர், உலகம் முழுமைக்கும் அவ்வாறே மின்சாரம் வழங்கலாம் என நம்பினார். 1899இல் கொலராடோவில் ஆய்ந்தார். 1901இல் நியூயார்க்குக்கு அருகே பெருங்கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். பணம் கொடுத்த செல்வர் மோர்கன் மேலும் கொடுக்க மறுத்தார். 1917இல் அந்தக் கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. பணம் கிடைத்திருந்தாலும் கோபுரம் வென்றிராது என்பதே என் கருத்து. தொலைவைப் பற்றிய கணக்கு செல்வருக்காக மாறுவதில்லை.

நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் இதே காலத்தவர். 1895இல் கல்கத்தாவில் அவர் அனுப்பிய மின்காந்த அலை சுவரைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. இதைப் படிக்கும் மாணவர் பலர், மணியடிக்கும் ஆற்றலையே போஸ் காற்றில் அனுப்பினார் என்று எண்ணிவிடுகின்றனர். மணியை இயக்கிய மின்சாரம் மறுபுறத்தில் ஆயத்தமாக இருந்தது. அலை வந்து அதன் கதவைத் திறந்துவிட்டது. செய்தி அனுப்புவதற்கும் ஆற்றல் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். செய்திக்குத் துளி ஆற்றல் போதும். அதனால்தான் கம்பியில்லாத் தந்தி சில ஆண்டுகளிலேயே கடலைத் தாண்டிற்று. கம்பியில்லா மின்சாரம் மேசையைத் தாண்டவில்லை.

ஆயினும் அந்தத் துளியும் ஆற்றலே. சிறுவனாயிருந்தபோது பேட்டரி இல்லாத படிக வானொலி ஒன்றை நானே செய்தேன். மொட்டை மாடியில் நீண்ட கம்பி, ஒரு சுருள், ஒரு ஜெர்மேனியம் டயோடு, காதில் ஒரு ஹெட்போன், அவ்வளவே. வானொலி நிலையம் ஊரிலேயே இருந்தமையால் பாட்டும் செய்தியும் தெளிவாகக் கேட்கும். நிலையத்தார் வானில் பரப்பிய ஆற்றலே என் காதில் ஒலியாயிற்று. அவர்கள் அனுப்பியது ஆயிரக்கணக்கான வாட். எனக்கு வந்து சேர்ந்ததோ ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கும் தேறாது. கைபேசியின் பேட்டரிக்கு அது எம்மூலைக்கு!

ஆகவே வெற்றி எங்கிருந்து வந்தது என்றால், தொலைவைத் துறந்ததிலிருந்து வந்தது. ஈரமான கையால் தொடும் மின்சாரப் பல் துலக்கிகளில் முதலில் இம்முறை நிலைபெற்றது. உலோக முனை வெளியே தெரியக்கூடாது என்பதே அங்கே காரணம். பிறகு கைபேசி வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் மாரின் சொல்யாசிச், மின்னேற்ற மறந்த தம் கைபேசி நள்ளிரவில் ஓசையிட்டு எழுப்பியதால் எரிச்சலுற்று இத்துறையில் இறங்கியவர். 2007இல் அவருடைய குழுவினர் இரண்டு மீட்டர் தொலைவில் 60 வாட் விளக்கை எரித்துக் காட்டினர். நூற்றுக்கு 40 பங்களவே போய்ச் சேர்ந்தது, எஞ்சியது வீண். வணிக உலகம் அவரைப் பாராட்டிவிட்டு வேறு வழியில் சென்றது. 2008இல் நிறுவனங்கள் பல கூடி ஒரு கூட்டமைப்பு நிறுவி, 2010இல் ‘சீ’ என்னும் பொதுவிதியை வெளியிட்டன. சீன மொழியில் அது உயிராற்றலைக் குறிக்கும் சொல். அவ்விதிப்படி இரு சுருள்களுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். முதலில் வகுத்த ஆற்றல் 5 வாட். பெரிய பெயர், சிறிய இடைவெளி!

அதன் இயக்கம் பாரடேயின் வளையமே. தட்டிலுள்ள சுருளில் விநாடிக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைகிறது. கைபேசியின் முதுகுக்குள் இருக்கும் தட்டையான சுருள் அதைப் பெற்று நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு ஊட்டுகிறது. முதுகு உலோகமாயின் புலம் அதிலேயே சுழல் மின்னோட்டங்களை எழுப்பிச் சூடாக்கிவிடும். 1855இல் ஃபூக்கோ ஆராய்ந்த விளைவு அது. இவ்வகைக் கைபேசிகள் கண்ணாடி முதுகு பூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டுக்கும் கைபேசிக்கும் இடையே நாணயம் சிக்கினாலும் அதே தொல்லைதான்.

2009இல் பாம் நிறுவனமும் 2012இல் நோக்கியாவும் இம்முறையைக் கைபேசிகளில் புகுத்தின. ஆனால் விதி ஒன்றாக இல்லை. போட்டி அணிகள் இரண்டு முளைத்து, 2015இல் ஒன்றாக இணைந்தன. 2017இல் ஆப்பிள் நிறுவனம் ‘சீ’ விதியை ஏற்றதோடு வழக்கு முடிந்தது எனலாம். அதே நிறுவனம், எங்கே வைத்தாலும் மின்னேற்றும் அகன்ற தட்டு ஒன்றை அவ்வாண்டே அறிவித்து, தன் தரத்துக்கு அதைச் செய்ய இயலாமல் 2019இல் கைவிட்டது. அவ்வளவு செல்வமுள்ள நிறுவனமும் ஒரு தட்டுக்குத் தோற்றது கண்டு எனக்குச் சற்று ஆறுதல். மறு ஆண்டே சுருளைச் சுற்றிக் காந்தங்களைப் பதித்து, கைபேசி தானே சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளுமாறு செய்து, 15 வாட் வரை ஏற்றினர். 2023இல் அக்காந்த முறையே பொதுவிதியாயிற்று. 2025இல் அளவு 25 வாட் வரை உயர்ந்தது. இச்சுருள் பொதிந்த கைபேசிகள் 2019 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒருங்கிணைக்கப்படுகின்றன. ஆனாலும் நம் நாட்டில் விற்கும் மலிவு விலைக் கைபேசிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லை. தட்டை வாங்குமுன் உங்கள் கைபேசியில் சுருள் உண்டா என்று பாருங்கள்.

விலை ஒருபுறமிருக்க, இழப்பையும் கணக்கிடுவோம். 5000 மில்லிஆம்பியர்-மணிப் பேட்டரி கொள்ளுவது ஏறத்தாழ 19 வாட்-மணி. நூற்றுக்குப் பத்துப் பங்கு கம்பிவழியே வீணானால் சுவரிலிருந்து 21 இழுக்கவேண்டும். தட்டில், சுருள்கள் நன்றாகப் பொருந்தியிருந்தும் 25 பங்கு வீணாவதாகக் கொண்டால் 25 இழுக்கவேண்டும். நாள்தோறும் மிகுதி 4 வாட்-மணி. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட். வீட்டுக்கு அது ஒன்றுமில்லை. ஒரு கோடிக் கைபேசிகளுக்கு ஒன்றரைக் கோடி யூனிட் என்று பெருக்கிப் பாருங்கள். அந்த இழப்பு முழுவதும் வெப்பமாகிறது. வெப்பத்தில் ஒரு பகுதி கைபேசிக்குள்ளேயே சேர்கிறது. லித்தியம் பேட்டரியை விரைவில் முதுமையாக்குவது அவ்வெப்பமே. சித்திரை வெயிலில் நம் ஊரில் தட்டின்மேல் வைத்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா.

இவ்வாறெல்லாம் குறை கண்டிருந்த நான் ஓர் இரவில் அதன் பயனையும் கண்டேன். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சன்னல் விளிம்பில் வைத்திருந்த என் கைபேசி சாரலில் நனைந்துவிட்டது. அது மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. காலையில் கம்பியைச் செருகினால், துளையில் ஈரம் என்று எச்சரித்து மின்சாரத்தை ஏற்க மறுத்தது. நூற்றுக்கு 4 பங்கே எஞ்சியிருந்தது. வெளியூரில் இருந்த மகள் எங்களை அழைத்தவண்ணம் இருந்தாள். அண்டை வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டர் இருந்தது. “இதுல வச்சுப் பாருங்க சார், தொளையே வேணாம்” என்று அந்தத் தட்டை நீட்டினார். கைபேசியின் முதுகைத் துடைத்து அதன்மேல் வைத்தேன். அரை மணியில் மகளோடு பேசினேன்.

சென்ற மாதம் அத்தட்டை இரவல் வாங்கிவந்தேன். எனாமல் பூசிய செப்புக் கம்பியை இருபது சுற்றுச் சுற்றி, முனைகளில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைத்துத் தட்டின்மேல் பிடித்தேன். விளக்கு மினுக்கிட்டு அணைந்தது, மீண்டும் மினுக்கிட்டது. தொடர்ந்து எரியாததற்குக் காரணம் உண்டு. ‘நீ யார்? உனக்கு எவ்வளவு வேண்டும்?’ என்று தட்டு சிறு துடிப்பால் வினவுகிறது. கைபேசியாயின் தன் சுருளின் சுமையைக் கூட்டிக் குறைத்து அதே புலத்தின் வழியாக மறுமொழி தரும். மறுமொழி கிடைத்தாலன்றித் தட்டு ஆற்றலைத் தொடர்ந்து வழங்காது. என் சுருளுக்குப் பேசத் தெரியாது. ஆகவே தட்டு வினவுவதும், காத்திருந்து ஓய்வதும், மறுபடி வினவுவதுமாக இருந்தது.

சுருளை ஒரு விரற்கடை உயர்த்தினேன், மினுக்கு மங்கியது. மூன்று விரற்கடை உயர்த்தியபோது இருள். மீண்டும் இறக்கினேன், சிவப்பாகத் துடித்தது. மேசைமேல் இரும்பு ஏதும் இல்லை. செய்து முடிக்க எனக்குப் பத்து நிமிடமே ஆயிற்று.