பாகாலா சந்திப்பும் பட்டத்தின் கடனும்: கிறிஸ்தவக் கல்லூரிகள் தம் பட்டதாரிகளைப் பாராட்டும் மரபு குறித்து

பாகாலா சந்திப்பில் இரயில் பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பாதை சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகிறது. இன்னொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு. மூன்றாவது பீலேரு, மதனப்பள்ளி ரோடு, கதிரி என்று இராயலசீமையின் உள்ளே புகுந்து தர்மாவரம் வரை நீள்கிறது. காட்பாடி பக்கம் போகும் வண்டிகளில் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காமல் பயணம் செய்ய முடியாது. எங்கே போகிறீர்கள் என்றால் "ராயவேலூரு" என்பார்கள். ஊரின் பெயர் அங்கே மருத்துவமனையின் பெயராகிவிட்டது. அவர்கள் சொல்வது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை, அதாவது சி.எம்.சி.யை.

பாதைகள் மூன்றும் ஒவ்வொரு கிறிஸ்தவக் கல்வி, மருத்துவ நிறுவனத்தைத் தொட்டுச் செல்கின்றன. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை சந்திரகிரியும் சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். அதன் தலைமையிடம் சித்தூர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய இந்த நிலப்பரப்பில்தான் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆர்க்காடு மிஷன் 1853 முதல் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியது. இப்படிப்பட்ட நிறுவனங்களில் பட்டம் பெற்றவர்களைத் தலைமைக்காகவும் சமூகப் பணிக்காகவும் பாராட்டும் வழக்கம் இன்று எங்கும் உண்டு. பொன்னாடை, கேடயம், முன்னாள் மாணவர் தினம். அந்தப் பாராட்டு எதை அளக்கிறது, எதை அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பில் சேரும்போதே பணி ஒரு கடமையாக ஏற்கப்படும் இடத்தில், பாராட்டு என்பது கல்லூரி தன் சொந்த வாக்கைத் தணிக்கை செய்யும் செயல். விருது பெறுபவரின் புகழ் அதில் இரண்டாம் பட்சம்.

முதலில் 'கிறிஸ்தவப் பட்டதாரி' என்ற தொடரையே பிரித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவராக இருந்து பட்டம் பெற்றவரா, கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றவரா? திருப்பதிப் பாதையில் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பிறகு வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், அதன் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். இந்து சமயத்தின் மீது மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனமே தன்னை இந்து தத்துவத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். வேதாந்தத்தின் அறவியல் பற்றிய அவருடைய முதுகலை ஆய்வேட்டை மனம் திறந்து பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக், ஒரு மிஷனரி. தன் மதத்தோடு வாதாடிய மாணவனின் உழைப்பை மதிக்கத் தெரிந்த அந்த நேர்மை, கிறிஸ்தவக் கல்வியின் நல்ல அடையாளங்களில் ஒன்று. ஆகவே, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் பாராட்டுக்கு ஆள் தேடும் வழக்கம் அந்தக் கல்லூரிகளின் சொந்த வரலாற்றுக்கே பொருந்தாது. ஆனால் பின்னாளில் கல்லூரிகளிடம் இராதாகிருஷ்ணன் பெற்றது புகழின் உச்சியில் கிடைத்த மரியாதை. குடியரசுத் தலைவரானவரின் படத்தை மாட்ட எந்தக் கல்லூரிக்கும் துணிவு தேவைப்படாது.

தர்மாவரம் பாதையில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் இருக்கிறது. பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் மருத்துவமனை, 1910-களில் எழுந்தது. அதன் கண்காணிப்பாளராக இருந்த பி.வி. பெஞ்சமின் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். 1955-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1948-இல் நம் நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி முயற்சி தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. அந்த ஊர்ப் பெயரை இன்று எத்தனை மருத்துவ மாணவர்கள் அறிவார்கள்?

காட்பாடிப் பாதைக்கு வருவோம். நம் கேள்விக்கான விடை அங்கேதான். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவகம், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942-இல் எம்.பி.பி.எஸ்., 1947 முதல் ஆண்களுக்கும் இடம் என்று சி.எம்.சி. வளர்ந்த கதை பலரும் அறிந்தது. நமக்கு வேண்டியது சேர்க்கை முறை. இங்கே பெரும்பாலான இடங்களுக்குத் திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் மாணவரைப் பரிந்துரைக்கின்றன. படித்து முடித்ததும் பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனையில் 2 ஆண்டு பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். பாண்டு என்றுதான் மாணவர்கள் பேச்சில் வரும். பீகாரிலோ ஒடிசாவிலோ தெலுங்கு நாட்டிலோ ஒரு சிற்றூர் மருத்துவமனை, இளம் மருத்துவர் ஒருவர், அவசரத்துக்குக் கேட்க மூத்தவர் எவரும் இல்லாத இரவுகள். அங்கேதான் பட்டத்தின் மறுபாதி கிடைக்கிறது.

இந்தச் சேர்க்கை முறையைக் காக்க அந்தக் கல்லூரி எவ்வளவு விலை கொடுத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீட் தேர்வு வழியான பொதுக் கலந்தாய்வுக்கு எதிராக வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2017-18 கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பின் 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் அது சேர்த்துக்கொண்டது. மதிப்பெண்ணோடு பணிக்கான மனப்பாங்கையும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்பது அதன் வாதம். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் கட்டாயமே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சரிதவறு குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு கல்லூரி ஓராண்டு வகுப்பறையை ஏறக்குறையக் காலியாக விட்டது, மாணவர் சேர்க்கையைத் தன் நோக்கத்தின் உயிர்நிலையாகக் கருதியதால்தான்.

2 ஆண்டு ஒப்பந்தம் கட்டாயம். கட்டாயத்தைப் பாராட்ட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒப்பந்தம் முடியும் நாளில்தான் பாராட்டுக்குரிய காலம் தொடங்குகிறது என்பது என் விடை. மூன்றாம் ஆண்டும் அதே ஊரில் இருப்பவர் யார், பத்தாம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு? சி.எம்.சி. தன் முன்னாள் மாணவர்களுக்கு வழங்கும் பால் ஹாரிசன் விருது இந்தக் கேள்வியைக் கேட்கிறது. கிராமப்புறங்களிலும் வசதியற்ற பகுதிகளிலும் ஆற்றிய நெடும்பணிக்கான விருது அது. பால் ஹாரிசன் அரேபியத் தீபகற்பத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர். ஆர்க்காடு மிஷனை நடத்திய அதே சபை அனுப்பியவர். அவருடைய பெயரை விருதுக்கு வைத்ததிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: பெருநகரத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை ஆண்டு.

ஆனால் தூரமும் ஆண்டும் மட்டும் போதுமா? இந்த இடத்தில் ஜாம்கேட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரஜினிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே இருவரும் சி.எம்.சி. பட்டதாரிகள். 1970-இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில், வறட்சி தின்றுகொண்டிருந்த ஜாம்கேட்டில் ஒருங்கிணைந்த ஊரக நலத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1971-இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 176 ஓராண்டு முடியுமுன் இறந்தன. முதலில் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. அதன் பிறகுதான் அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி தரும் வழிக்கு வந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித்துகள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து கற்று, ஊருக்குத் திரும்பிப் பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளின் எடையைக் கணக்கிட்டார்கள், தொழுநோய்க்கும் காசநோய்க்கும் மாத்திரை கொடுத்தார்கள். குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது தலித் குடியிருப்புப் பகுதியில் போட்டார்கள். மற்ற சாதியார் தண்ணீருக்கு அங்கே வர வேண்டியிருந்தது. இரண்டு பத்தாண்டுகளைச் சற்றே கடந்த காலத்தில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு முப்பதுக்கும் கீழே இறங்கியது.

1979-இல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது, 'சமூகத் தலைமை' என்ற பிரிவில். அந்தப் பிரிவின் பெயர் நம் விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. அவர்கள் காட்டிய தலைமை எது? ஸ்டெதஸ்கோப்பையும் அதோடு வரும் அதிகாரத்தையும் கைநாட்டுப் பெண்களிடம் பகிர்ந்து கொடுத்ததுதான். வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக, 22, 23 என்று பிரித்து வைத்தது இங்கே பொருள் பெறுகிறது. இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு தான் கொண்ட கடனை உணர்ந்து நடப்பது ஒப்புரவு. நம் கல்லூரிகளின் பாராட்டு உரைகள் பெரும்பாலும் ஈகையின் மொழியிலேயே நின்றுவிடுகின்றன: இத்தனை முகாம், இத்தனை நோயாளி, இத்தனை இலவச அறுவை. ஜாம்கேட் ஒப்புரவின் கணக்கு. அங்கே எண்ண வேண்டியது எத்தனை பேருக்கு மருத்துவம் செய்தார் என்பதை விட, எத்தனை பேரைத் தலைவராக்கினார் என்பதை.

இரண்டாவது எடுத்துக்காட்டு கடினமானது. விநாயக் சென் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ்.ஸும் குழந்தை மருத்துவத்தில் எம்.டி.யும் முடித்தவர். சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஷஹீத் மருத்துவமனையில் பணியாற்றினார்; பின்னர் பழங்குடி ஊர்களில் மருத்துவகம் நடத்தினார். 2004-இல் அவருக்குப் பால் ஹாரிசன் விருது வழங்கப்பட்டது. 2007 மே மாதம் கைது செய்யப்பட்டார். 2010 டிசம்பரில் இராய்ப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் ராஜத்துரோகக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. அந்த ஆண்டுகளில் சி.எம்.சி.யின் முன்னாள் மாணவர்கள் பலர் அவருக்காக வெளிப்படையாகப் பேசினார்கள். வழக்கின் சட்டப் பக்கம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. நான் சுட்ட விரும்புவது, விருது வழங்கிய பிறகு அதைத் தாங்கி நிற்க வேண்டிய நாள் வரக்கூடும் என்பதை. அப்படியொரு நாள் வரவே வாய்ப்பில்லாதவர்களுக்கு மட்டுமே விருது கொடுக்கும் கல்லூரி, பணியைப் பற்றிய தன் பேச்சுக்கு எந்த விலையும் கொடுக்கத் தயாராக இல்லை என்றுதான் பொருள்.

இந்த இரு வழிகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஜாம்கேட்டின் ஊர்ப் பெண்கள் 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பிலும், அதன் வழியே ஆரம்ப சுகாதாரம் குறித்த 1978-இன் அல்மா ஆட்டா மாநாட்டுச் சிந்தனையிலும் இடம்பெற்றார்கள். ஊர்ப் பெண்களை நல ஊழியர்களாக்க சத்தீஸ்கரில் 2002 வாக்கில் எழுந்த மித்தானின் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் சென் ஒருவர். 2005-இல் மத்திய அரசு தொடங்கிய ஆஷா திட்டத்துக்கு ஜாம்கேட்டும் மித்தானினும் முன்னோடிகள். இன்று பாகாலா மண்டலத்துச் சிற்றூர்களில் கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டும் ஆஷா ஊழியரின் வேலையில், காட்பாடிப் பாதையின் மறுமுனையில் படித்துப் போன சிலருடைய உழைப்பு கலந்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கல்லூரிக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மறுப்புக்கும் இங்கே விடை சொல்லியாக வேண்டும். வலக்கை செய்யும் தருமத்தை இடக்கை அறியலாகாது என்னும் மலைப்பிரசங்கப் போதனையை ஏற்பவர்கள் மேடை போட்டுப் பாராட்டலாமா? கிறிஸ்தவர்களிடையே இந்தத் தயக்கம் உண்மையானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் போதனை கொடுப்பவருக்கு உரியது. பெற்ற சமூகம் நன்றி சொல்வதையோ, ஒரு நிறுவனம் தன் இளைய மாணவர்களுக்கு வழி காட்டுவதையோ அது தடுப்பதில்லை. தங்கள் சீனியர்களில் எவர் படம் சுவரில் தொங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் முதலாண்டு மாணவர்கள் எதற்கு இங்கே மதிப்பு என்று கற்றுக்கொள்கிறார்கள்.

சுவரில் இல்லாத படங்கள் செவிலியர்களுடையவை. 1946-இல் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கிய முன்னோடி நிறுவனங்களில் வேலூர் ஒன்று. பட்டம் பெற்ற செவிலியர் பல்லாயிரவர் இந்தியாவின் ஊரக மருத்துவமனைகளைத் தாங்கியிருக்கிறார்கள். மருத்துவர் மாறிப் போனாலும் வார்டு நடந்தது அவர்களால்தான். ஆனால் பொதுவாகக் கிறிஸ்தவ நிறுவனங்களின் பாராட்டு மேடைகளில் முதல் நாற்காலி மருத்துவருக்கும் கல்லூரி முதல்வருக்கும் போகிறது. 1977-இல் கே.வி. குப்பத்தில் ரூசா மையத்தைத் தொடங்கி, நலவாழ்வை வேலைவாய்ப்போடும் ஊர் வளர்ச்சியோடும் சேர்த்துப் பார்த்தது சி.எம்.சி. அந்தப் பார்வை பாராட்டு மேடைக்கும் வர வேண்டாமா?

சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் குடிபால மண்டலத்து இராமாபுரத்தில் அமைந்த பிறகு, மாநில எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கத்துக்கே கல்லூரி வந்துவிட்டது. ஆகவே என் வேண்டுகோள் அந்தக் கல்லூரிக்கும், இதே மரபில் வந்த ஊரிசு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவற்றின் ஆட்சிக்குழுக்களுக்கும். பாராட்டு விழாவை ஆண்டுக்கு ஒன்றாவது கல்லூரி அரங்கை விட்டு, பட்டதாரி பணியாற்றும் ஊரில் நடத்துங்கள். அவரை முன்மொழியும் உரிமையை முன்னாள் மாணவர் சங்கத்தோடு அந்த ஊராருக்கும் கொடுங்கள். பட்டதாரியின் பெயரோடு அவர் உருவாக்கிய செவிலியர், ஊர் நல ஊழியர்களின் பெயர்களையும் அதே சான்றிதழில் எழுதுங்கள். ஒப்பந்த ஆண்டுகள் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் யார் என்ற பட்டியலைக் கல்லூரி ஒவ்வொரு பட்டமளிப்பு நாளிலும் பட்டம் பெறுபவர்களின் முன் வாசிக்கட்டும். அடுத்த பட்டமளிப்புக்கு முன் இதைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.