மணி பிளாண்ட் வரலாறும் கொஞ்சம் கொசுவத்தியும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு வாரமா வீட்டுச் செடியைக் கவனிக்கலை. பாட்டில் தண்ணி பாசி பிடிச்சு, ரெண்டு இலை மஞ்சளாகிக் கிடந்தது. வேற செடின்னா போனா போகுதுன்னு விட்டிருப்பேன். இது அப்படி விடமுடியாத செடி. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. தூங்கிடாதீங்க மக்களே :-)

மணி பிளாண்ட் நம்ம ஊர்ச் செடி இல்லை. பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்ற குட்டித் தீவுதான் இதன் பூர்வீகம். ரொம்ப காலம் சாலமன் தீவுகள்னுதான் நினைச்சிட்டு இருந்தாங்க. 1880-ல் லிண்டன், ஆந்த்ரே என்ற இருவர் 'பொத்தோஸ் ஆரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு சிண்டாப்சஸ், ராபிடோபோரா என்று மாறி, 1964-ல்தான் 'எபிப்ரெம்னம்' என்ற இன்றைய பெயருக்கு வந்தது.

ஏன் இவ்ளோ குழப்பம்? செடி எந்த இனம்னு உறுதியா சொல்ல, தாவரவியல்காரங்களுக்குப் பூ வேணும். இதுவோ பூக்கவே மாட்டேங்குது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். காரணம் 2016-ல்தான் தெரிந்தது. ஜிபெரெல்லின் என்ற ஹார்மோனை உண்டாக்க வேண்டிய மரபணு ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்று புளோரிடா பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தவுடன் பூத்துவிட்டது! நம்ம பாஷையில் சொன்னா, புரோகிராம் முழுசா இருக்கு, ஒரே ஒரு ஃபங்ஷன் ஓடலை.

பூ இல்லேன்னா விதையும் இல்லை. அப்படின்னா மூரியாவிலிருந்து நம்ம வீட்டு ஜன்னல் வரைக்கும் இது வந்தது எப்படி? யாரோ ஒருத்தர் நறுக்கி, இன்னொருத்தர் நட்டு, கைமாறிக் கைமாறித்தான். "மணி பிளாண்டைக் காசு குடுத்து வாங்கக்கூடாது, திருடித்தான் வெக்கணும்"னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, யோசிச்சுப் பார்த்தா அதுல விஷயம் இருக்கு. மனுஷன் கை படாம இந்தச் செடி அடுத்த வீட்டுக்குக்கூடப் போகாது.

இப்ப கொசுவத்தி. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப, பின் தெரு வீட்டு வேலியிலேர்ந்து அம்மா ஒரு துண்டு சுட்டுட்டு வந்தாங்க. ஹார்லிக்ஸ் பாட்டில்ல டிவி மேல அது பல வருஷம் இருந்தது. இலை உள்ளங்கை அளவைத் தாண்டலை. காடாம்புலியூர்ல வீடு கட்டிக் குடிவந்ததும், அதுல ஒரு துண்டைக் கொல்லையில தாத்தா வெச்ச பலா மரத்தடியில நட்டாங்க. காட்டுல மரம் ஏறி வாழ்ந்த கொடியாச்சே, விடுமா? மேலே ஏற ஏற இலை முறம் மாதிரி ஆயிடுச்சு.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எவ்வளவு சாய்ஞ்சதுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். எங்க மரமும் வேரோட சாய்ஞ்சது. மரத்தை வெட்டி வண்டியில ஏத்துன அன்னைக்கு தாத்தா கொல்லைப் பக்கமே வரலை. அம்மாதான் நசுங்கிக் கிடந்த கொடியிலேர்ந்து நாலு துண்டு நறுக்கிப் பாட்டில்ல போட்டாங்க. அதோட வாரிசுதான் என் வீட்ல மஞ்சளா நின்னது. அந்த மரத்தோட சம்பந்தப்பட்டது இப்ப எங்ககிட்ட இது மட்டும்தான்.

அழுகின வேரை வெட்டிட்டு, பாட்டிலைக் கழுவித் தண்ணி மாத்தினேன். வெயில் நேரா விழாத, ஆனா வெளிச்சம் வர்ற ஜன்னல் பக்கம் வெச்சேன். இனி வாரம் ஒருமுறை தண்ணி மாத்தணும்னு மொபைல்ல அலாரமும் வெச்சாச்சு. நேத்து ஒரு புது இலை சுருண்டு எட்டிப் பார்க்குது.

யாராவது வீட்டுக்கு வந்தா சொல்லுங்க, காபி போட கிச்சன் பக்கம் போயிடறேன். நீங்க ஒரு துண்டு திருடிக்கலாம். கணுவோட சேர்த்து நறுக்குங்க, வேர் அங்கேருந்துதான் வரும்.

டிஸ்கி: இது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கடிச்சா வாய் அரிச்சு எரியும். சின்னப் பசங்களுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்துல வைங்க.