பெனிசிலினுக்குப் பின்: பேராதனையின் பங்கு

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுக்கூடத்திற் பூஞ்சணம் அழித்தது ஸ்டபிலோகொக்கசு என்னும் பற்றீரியாவையே. தோற்கட்டி முதல் உயிர்கவரும் குருதித்தொற்று வரை விளைக்கும் இவ்வுயிரி, அம்மருந்தை வெல்லவும் விரைவிற் கற்றது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமுடைய இனங்கள் 1950களில் உலகின் பெரிய வைத்தியசாலைகளிற் பரவின. அந்நொதியத்தைத் தாங்கும் மெதிசிலின் 1959இல் உருவாயிற்று. ஈராண்டுக்குள், 1961இல், அதற்கும் அடங்காத இனம் இங்கிலாந்தில் அறியப்பட்டது. எனினும் மெதிசிலினின் உறவான குளொக்சசிலின், ஏனைய ஸ்டபிலோகொக்கசுத் தொற்றுக்களுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது.

மாற்று மருந்து பிறந்துவிட்டது என்பதனால் அது மலைநாட்டு நோயாளியை அடைந்துவிடும் என்பதில்லை. இவ்விடைவெளியை ஆராய்ந்தவர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியான காலம் அது. பெயர் மாறினால் குணமும் மாறும் என நம்பியவர்கள் நோயாளர் மட்டுமல்லர்! 1971இல் பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையை அடுத்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம், பொதுப்பெயரில், மலிவாக வாங்கப்பட்டன. பன்னாட்டு மருந்துக் கம்பனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்ததில் வியப்பில்லை.

1977 செப்டெம்பரில் பிபிலே கயானாவிற் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார தாபனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வகுத்தது. குளொக்சசிலினும் அதில் இடம்பெற்றது. இலங்கையிலோ, திறந்த பொருளாதாரத்தோடு வியாபாரப் பெயர்கள் மீண்டும் பெருகின.

மெதிசிலினுக்கு அடங்காத இனங்களுக்கு எதிரான வங்கோமைசின் போர்னியோ மண்ணிலிருந்தும், ரைகோபிளானின் இந்தியாவின் இந்தோர்ப் பகுதி மண்ணிலிருந்தும் கிடைத்தவை. 2000ஆம் ஆண்டில் வந்த லினசோலிட்டை வாயாலும் உட்கொள்ளலாம். கடும் தொற்றுக்கு வங்கோமைசினை நாளத்தின் வழியே, சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி செலுத்தவேண்டும். இத்தகைய சிகிச்சைக்கு மருந்தின் தடையற்ற வரவு இன்றியமையாதது. அவ்வரவு எத்துணை நொய்மையானது என்பதைக் கண்டி அண்மையில் உணர்ந்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 மார்ச்சில், பிபிலே கற்பித்த பீடத்தை அடுத்துள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால், திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது.